மருந்து, உப்பு, மணி: தொழிற்சொல் வழியே ஒரு பாடம்

ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் 'மருந்து' என்றதும் மாணவர் மனத்தில் மாத்திரை மட்டும் தோன்றுவதில்லை. பட்டாசுக்குள் செலுத்தும் வெடிகலவையும் தோன்றும். பலருடைய பெற்றோர் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளில் வேலை செய்பவர்கள். அவர்கள் வீட்டில் புழங்கும் சொற்களைக் கொண்டு, தமிழையும் அறிவியலையும் இணைத்து எட்டாம் வகுப்பில் இரண்டு பாடவேளைகள் நடத்தினேன். அதைச் சக ஆசிரியர்களோடு பகிர்கிறேன்.

முதல் பாடவேளை: சொல் திரட்டல்

காதில் விழும் தொழிற்சொற்களை எழுதிவருமாறு முந்தைய நாளே கூறினேன். திரி, மருந்து, வெடியுப்பு, பச்சை உப்பு, மணி மருந்து, சரம், பூச்சட்டி, சாட்டை எனக் கரும்பலகை நிறைந்தது. இச்சொற்கள் எங்கிருந்து வந்தன என்று குழுவாகப் பேசச் செய்தேன். திரி விளக்கிலிருந்து வந்தது, சரம் பூவிலிருந்து, சட்டி அடுப்படியிலிருந்து, மணி நெல்லிலிருந்து. புதிய பொருளுக்குப் பழகிய பொருளின் பெயரை இடுவது மக்கள் வழக்கு என்பதை மாணவர்களே கண்டுசொன்னார்கள். துப்பாக்கியின் விசையுறுப்பைக் 'குதிரை' என்பதும், திண்டுக்கல்லில் 'மாங்காய்ப் பூட்டு' என்பதும் இதே வழக்குதான் என்று எடுத்துக்காட்டினேன்.

இரண்டாம் பாடவேளை: சொல்லுக்குள் அறிவியல்

'பச்சை உப்பு' பச்சை நிறமா? பேரியம் நைட்ரேட் வெண்மையானது. எரியும்போது சுடர்தான் பச்சையாகத் தெரியும். பெயர் சுடரைக் குறிக்கிறது. பேரியம் உப்புகளைப் பட்டாசில் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை விதித்ததையும் இங்கே கூறலாம். வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். அது ஆக்சிஜனைத் தருகிறது; கரியும் கந்தகமும் எரிபொருள்கள். எரிவதற்கான ஆக்சிஜன் கலவைக்குள்ளேயே இருப்பதால், மூடிய குழாய்க்குள்ளும் அது எரியும்.

அடுத்துக் கேட்ட வினா: 'உப்பு, மருந்து, மணி என்ற சொற்களைக் கேட்டால் பயம் வருகிறதா?' வரவில்லை என்றார்கள். பாடத்தின் உயிர்நாடி இதுவே. வீட்டுச் சொல் ஆபத்தையும் வீட்டுப் பொருள்போல் பழக்கிவிடுகிறது. நம் பகுதியிலுள்ள அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று நிகழ்ந்த வெடிவிபத்தில் 20 பேருக்கு மேல் இறந்தனர். மருந்துக்கு நெருப்பே தேவையில்லை; உராய்வு போதும். இரும்புக் கருவி கூடாது, பருத்தி ஆடையே வேண்டும் என்ற விதிகளின் காரணத்தை, தீப்பொறி, நிலைமின்சாரம் ஆகிய பாடங்களோடு பொருத்தினோம்.

தொடர் செயல்பாடாக வீட்டுச் சொல், பாடநூல் சொல், கவனிக்க வேண்டியது என மூன்று பத்திகளில் ஓர் அகராதி எழுதினார்கள். அதை வீட்டில் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டச் சொன்னேன்.

ஆசிரியர் கவனத்திற்கு

பட்டாசோ மருந்தோ வகுப்பறைக்குள் வரவே கூடாது, படங்கள் போதும். விபத்தில் உறவை இழந்த பிள்ளைகள் இருக்கக்கூடும். எவரையும் பெயர் சொல்லிக் குடும்ப நிலையைக் கேட்க வேண்டாம். 18 வயது நிறையாதோரை வெடிபொருள் தொழிலில் ஈடுபடுத்தக் கூடாது என்ற சட்டத்தையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

நெசவு, பூட்டு, மீன்பிடி என ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சொற்களஞ்சியம் உண்டு. வட்டாரச் சொல்லைத் திருத்தாமல், அதன் அருகில் அறிவியல் சொல்லையும் வைப்போம். இரண்டையும் அறிந்த பிள்ளை, 'மருந்தைத் தேய்க்காதே' என்பதோடு ஏன் தேய்க்கக் கூடாது என்றும் தன் வீட்டில் சொல்லும்.