ஏசி போட்டாலும் அனல் அடிக்கிறதா? உப்பளக் கரைக்குச் சில குறிப்புகள்

மரக்காணம், அனுமந்தை பக்கம் பழைய மாருதி 800, சான்ட்ரோ, இண்டிகா வைத்திருப்பவர்களுக்குச் சித்திரை பிறந்தால் ஒரு தலைவலி. லிவரை நீலப் பக்கம் முழுக்கத் தள்ளியிருந்தாலும் டேஷ்போர்டு வழியாக அனல் வீசும். காஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்து நேரே ஏசி கடைக்குப் போய்விடுகிறார்கள். காஸ் நிரப்பிய பிறகும் அனல் குறையாமல் திரும்புகிறவர்கள் உண்டு. ஏனென்றால் பல கார்களில் குற்றவாளி ஏசி இல்லை, ஹீட்டர். எஞ்சினைச் சுற்றிவரும் வெந்நீர் ஏறத்தாழ 90 டிகிரி சூட்டில், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் போய் வருகிறது. அதுதான் ஹீட்டர் கோர். நம் கரையில் யாரும் ஹீட்டரைத் தொடுவதில்லை. தொடாமல் விட்ட வால்வையும் கேபிளையும் உப்புக்காற்று பிடித்துக்கொள்கிறது.

1. முதலில் எந்தச் சூடு என்று பிரித்துப் பாருங்கள். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஏசியை அணைத்து, லிவரைக் குளிர்ப் பக்கம் வைத்து, ஃபேனை மட்டும் போட்டு வண்டியை எடுங்கள். முதல் சில நிமிடம் சாதாரணக் காற்று வந்து, வெப்பமானி முள் ஏற ஏறக் காற்றும் சூடேறினால் அது ஹீட்டர் வெந்நீர். வெயிலில் நிறுத்திய வண்டியில் எடுத்தவுடன் அனல் வந்து சிறிது நேரத்தில் தணிந்தால், அது டேஷ்போர்டுக்குள் தேங்கிய வெயில் சூடு மட்டுமே. கண்ணாடிகளை இறக்கி ஓரிரு நிமிடம் ஓட்டினால் போய்விடும்.

2. வெளிக்காற்று, உட்காற்று லிவரை மறக்காதீர்கள். முன்கண்ணாடியின் அடிப்பக்கத்துச் சல்லடை வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே வருகிறது. அது பானெட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் எஞ்சின் சூடும் சேர்ந்து வரும். உள் அனல் வெளியேறியதும் உட்காற்றுக்கு மாற்றுங்கள். நீண்ட பயணத்தில் அவ்வப்போது வெளிக்காற்றையும் விடுங்கள். அடைத்த காற்றில் தூக்கம் வரும்.

3. எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டில் இரண்டு ரப்பர் ஹோஸ்கள் நுழைவதைப் பார்க்கலாம். ஹீட்டருக்குப் போய்வரும் தண்ணீர் அவற்றில்தான் ஓடுகிறது. சில மாடல்களில் வழியில் ஒரு வால்வு இருக்கும்; லிவர் குளிரில் இருந்தால் அது மூடிக்கொண்டு, ஒரு ஹோஸ் மட்டுமே கொதிக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி கொதித்தால் வால்வு மூடவில்லை. வேறு சில மாடல்களில் வால்வே கிடையாது. வெந்நீர் எப்போதும் ஓடும், உள்ளே ஒரு ஃபிளாப்தான் காற்றைத் திருப்பிவிடும். அங்கே இரண்டு ஹோஸும் சூடாக இருப்பது இயல்பு. உங்கள் வண்டி எந்த வகை என்று மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எதையும் கழற்ற வேண்டாம்.

4. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஹீட்டருக்குப் போகும் ஹோஸின் மேல் தடித்த துணியைச் சுற்றி, மொண்ணையான கிளாம்ப் ஒன்றால் மெல்ல நெரித்து, பக்கத்திலேயே கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். முள்ளின் மேல் கண் இருக்கட்டும். அனல் நின்றால் காஸுக்குச் செலவழிக்க வேண்டிய அவசியமே இல்லை. வெடிப்பு விழுந்த பழைய ஹோஸில் இதைச் செய்யக் கூடாது, பிளந்துவிடும்.

5. ஹீட்டர்தான் என்று தெரிந்தால், முதலில் பார்க்க வேண்டியது கேபிள். இங்கே பெரும்பாலும் தகராறு செய்வது அதுதான் என்பது என் எண்ணம். லிவர் கடைசி வரை போகும், ஆனால் கேபிளின் மேலுறை கிளிப்பிலிருந்து நழுவியிருப்பதால் மறுமுனை பாதியில் நின்றிருக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து, ஒருவர் லிவரைத் தள்ள இன்னொருவர் மறுமுனையைப் பாருங்கள். முழுக்க நகராவிட்டால் கிளிப்பைத் தளர்த்தி, கேபிளைச் சரியான இடத்தில் இறுக்கினால் போதும். துருப்பிடித்து இறுகியிருந்தால் துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து, ஊறவிட்டு, மெதுவாக ஆட்டுங்கள். வேகமாக இழுத்தால் பழைய பிளாஸ்டிக் கொக்கி ஒடியும். பழைய மாடலுக்கு அது தேடினாலும் எளிதில் கிடைக்காது. சரியானதும் கிரீஸ் தடவுங்கள். அதன்பின் வாரம் ஒருமுறை, எந்த மாதமானாலும், லிவரை இரு கோடிக்கும் நாலைந்து தடவை தள்ளி இழுங்கள். இந்தக் குறிப்புகளில் ஒன்றைத்தான் கடைப்பிடிப்பேன் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

6. வென்டிலிருந்து கறுப்பாகவோ மஞ்சளாகவோ துணுக்குகள் பறக்கின்றனவா? ஃபிளாப்பைச் சுற்றி ஒட்டிய ஃபோம் மட்கிவிட்டது. இடுக்கு வழியாகச் சூடு கசியும். டேஷ்போர்டைப் பிரிக்கும் வேலை ஏதாவது வரும்போது, சேர்த்துப் புது ஃபோம் ஒட்டச் சொல்லுங்கள். இதற்காக மட்டும் பிரித்தால் கூலி கட்டாது.

7. பானெட்டின் பின் விளிம்பில் ஒரு ரப்பர் பீடிங் உண்டு. அதன் மேல் ஒரு துண்டுக் காகிதம் வைத்து பானெட்டை மூடி, காகிதத்தை இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் பீடிங் அமுங்கிப்போயிற்று. எஞ்சின் அனல் அந்த வழியாகச் சல்லடைக்குள் போகிறது. புது பீடிங் அதிகச் செலவில்லை. ஆம்னியில் எஞ்சினே முன் இருக்கைக்கு அடியில் இருப்பதால் மூடியின் ரப்பரையும் பாருங்கள். வரும் காற்றில் புகைவாடை இருந்தால் மட்டும் இதைச் சூட்டுப் பிரச்சினையாக நினைக்காதீர்கள். சைலன்சர் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு, உயிரை எடுக்கும். கண்ணாடியை இறக்கி, நேரே பட்டறைக்குப் போங்கள்.

8. ஓடும்போது குளிர்கிறது, டோல்கேட் வரிசையில் நின்றால் அனல் வருகிறது என்றால், அது ஏசி தரப்புக் கோளாறு. வண்டி நின்றால் கண்டென்சருக்குக் காற்று தருவது மின்விசிறி மட்டுமே. ஏசியைப் போட்டு, பானெட்டைத் திறந்து, தள்ளி நின்று, விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். கையையும் துண்டையும் அருகே கொண்டுபோகாதீர்கள், அது சொல்லாமல் கிளம்பும். கண்டென்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகளில் உப்பும் தூசியும் படிந்தால் வெள்ளைப் பொடி பூத்து உதிரும். எஞ்சின் ஆறியதும் நல்ல தண்ணீரை மெல்லிய வேகத்தில் விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் அழுத்தத்தில் அடித்தால் தகடுகள் மடங்கி, காற்றே புகாது. இவ்வளவும் சரியாக இருந்தும் குளிராவிட்டால் காஸ் பார்க்கச் சொல்லலாம். கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்பினால் அடுத்த கோடைக்குள் மறுபடி போகும்.

9. வால்வு அடியோடு போய், மாற்று கிடைக்கவில்லை என்றால் பைபாஸ் செய்யலாம். ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் திரும்பும் ஹோஸையும் ஒரு சிறு குழாயால் ஒன்றோடொன்று இணைத்துவிடுவது. ஊட்டிக்காரருக்கு ஆகாது, கடற்கரைக்காரருக்குப் பெரிய இழப்பில்லை. இரண்டையும் தனித்தனியாக அடைக்கச் சொல்லாதீர்கள். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை தண்ணீர் சுற்றுவது அந்த வழியாகத்தான், அடைத்தால் எஞ்சினில் ஒரு பக்கம் மட்டும் சூடேறும். ஏசி இல்லாத வண்டி என்றால் யோசித்துச் செய்யுங்கள்: ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தை விரட்ட அந்த வெப்பக்காற்றுதான் கைகொடுக்கும்.

10. ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். உவர்நீர் ஹீட்டர் கோரையும் வால்வையும் உள்ளிருந்தே அரிக்கும். கலந்து விற்கும் கூலன்ட், அல்லது கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர். மூடியைச் சூட்டில் திறக்க வேண்டாம். வடித்த பழைய கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். குழந்தைகளும் நாய்களும் நெருங்காத இடத்தில் வையுங்கள்.

11. உள்ளே தரைவிரிப்பு ஈரமா? தொட்டுப் பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால் ஏசி வடிகுழாய் அடைத்திருக்கிறது. வழவழப்பும் நிறமும் இனிப்பு வாடையும் இருந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது, தள்ளிப்போடாதீர்கள்.

12. ஈசிஆரில் போகும்போது முள் சிவப்பை நோக்கி ஏறினால், ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில், ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். வேர்த்துக் கொட்டும். ஆனால் எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு கேபினுக்குள் இறங்கி, ஓரம் கட்ட நேரம் கிடைக்கும். பைபாஸ் செய்த வண்டியில் இந்த வசதி இல்லை.

13. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஏசி குளிர்கிறதா என்பதோடு நிறுத்தாமல், எஞ்சின் சூடானபின் ஹீட்டரையும் போட்டு, திரும்ப அணைத்துப் பாருங்கள். சூடு வரவில்லை என்றால் பைபாஸ் செய்திருக்கிறார்களா, ஏன் செய்தார்கள் என்று கேளுங்கள். கோர் ஒழுகியதால் என்றால், டேஷ்போர்டைப் பிரிக்கும் கூலியைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.