மழைநீர் புகுந்த வண்டி: சாவியைத் திருப்புமுன் பாட்டரியைக் கழற்றுக

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. அதைத் தொடர்ந்து வீடூர் அணை நீரால் சங்கராபரணியும், சாத்தனூர் அணை நீரால் தென்பெண்ணையும் பெருக்கெடுத்தன. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் தாழ்வான பகுதிகளில் வெள்ளம் புகுந்தது.

இத்தகைய வெள்ளத்தில் பயிர் மட்டும் மூழ்குவதில்லை. கொட்டகையில் நிற்கும் டிராக்டர், மூலக்குளம் வழியாகப் பெரிய மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டு செல்லும் குட்டியானை, பழையதாக வாங்கிய கார் ஆகியவையும் நீரில் நிற்கின்றன. தண்ணீர் வடிந்ததும் வண்டி ஓடுமா என்று சாவியைத் திருப்பிப் பார்ப்பது இயல்பு. பிழைக்கக்கூடிய வண்டியும் பழுதாவது பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தில்தான்.

ஈரமும் மின்சாரமும்

தண்ணீர் பட்டவுடனே மின்சாரப் பாகங்கள் கெட்டுவிடுவதில்லை. ஈரத்தோடு மின்சாரமும் சேரும்போதே கேடு விரைகிறது. வெள்ள நீரில் சேறும் உப்பும் கலந்திருப்பதால் அதன் வழியே மின்சாரம் கசியும். அப்போது பாட்டரியின் பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரைந்து, முனைகளில் பச்சைக் களிம்பாகப் படியும். வாரக்கணக்கில் ஏற்படக்கூடிய அரிப்பு, மின்சாரம் இருந்தால் சில மணி நேரத்திலேயே ஏற்பட்டுவிடும்.

சாவியை அணைத்திருந்தால் போதாது. செல்ப் மோட்டாருக்கும் ஆல்டர்னேட்டருக்கும் செல்லும் தடித்த கேபிள்களில் எப்போதும் மின்சாரம் இருக்கும். புதிய வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்டிக்கும் ஓயாமல் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். ஆகவே முதல் வேலை பாட்டரியைக் கழற்றுவதே. நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டுவிட்டால் தீப்பொறி பறக்கும். திரும்ப மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். மின்சாரத்தில் ஓடும் ஆட்டோ, கார் ஆகியவற்றில் ஆரஞ்சு நிற கேபிள்கள் உயர் அழுத்தம் உள்ளவை. அவற்றைக் கம்பெனி மெக்கானிக் தவிர வேறு எவரும் தொடக்கூடாது.

தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கூடாது. ஏர் கிளீனர் வழியாகச் சிலிண்டருக்குள் நீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால், அதை மாற்றாமல் இன்ஜினைச் சுழற்றவே கூடாது.

எதுவரை நீர் ஏறியது?

சுவரிலும் கதவிலும் உள்ள சேற்றுக்கோட்டைப் பார்த்தால் நீர் ஏறிய உயரம் தெரியும். காரில் தரை விரிப்பு மட்டும் நனைந்திருந்தாலும் அலட்சியம் வேண்டாம். பல கார்களில் வயர் கட்டு விரிப்பின் அடியில்தான் ஓடுகிறது. டாஷ்போர்டு வரை நீர் ஏறியிருந்தால் வீட்டில் சரி செய்ய முயல்வது வீண். மெக்கானிக்கல் பம்பு உள்ள பழைய டீசல் டிராக்டருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஸ்டார்ட் செய்யவும், விளக்கு, ஹாரன் போன்ற சிலவற்றுக்குமே அதற்கு மின்சாரம் தேவை. 2020 ஏப்ரலுக்குப் பின் விற்பனையான பி.எஸ்.6 லோடு வண்டிகளிலோ இன்ஜினே கம்ப்யூட்டர் சொற்படி இயங்குகிறது.

உலர்த்தும் முறை

நெல்லை மேலாக உலர்த்தி மூட்டை கட்டினால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிப்பது விவசாயிகள் அறிந்ததே. வயர் இணைப்புகளும் அப்படித்தான். வெளியே காய்ந்திருக்கும், கப்ளருக்குள் ஒரு சொட்டு நீர் நிற்கும். எனவே விரிப்புகளை எடுத்து வெயிலில் போட்டு, கதவுகளைத் திறந்து காற்றோட்டமாக நிறுத்தி, எட்டும் கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். எது எதனுடன் சேர்ந்தது என்று முன்னதாகவே போன் காமிராவில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. சேறு இருந்தால் பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் கழுவி, காற்றடித்து, நிழலில் முழுதும் உலரவிட வேண்டும். பெட்ரோலால் கழுவுவது ஆபத்து; வயரின் மேலுறையும் கெடும். செல்ப் மோட்டார், ஆல்டர்னேட்டர் இரண்டும் மூழ்கியிருந்தால் கழற்றி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து உலர்த்துவதே சிக்கனம்.

அவசரப்படாமல் 3, 4 நாட்கள் விடலாம். ஒரு நாள் மார்க்கெட் வாடகைக்குப் பயந்து வண்டியைக் கிளப்பினால், பின்னர் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பல ஆயிரம் கொடுக்க நேரும்.

பிறகு வரும் கோளாறுகள்

வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் சில வாரங்கள் கண்காணிக்க வேண்டும். வலது இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் விளக்கும் சேர்ந்து மின்னுவது, ஹாரன் தானாக ஒலிப்பது, மீட்டர் முள் நிலையற்று ஆடுவது எல்லாம் இணைப்புகளில் களிம்பு பிடித்ததன் அறிகுறிகள். விளக்குகள் ஒன்றோடொன்று குழம்பி எரிந்தால், முதலில் எர்த் வயரைச் சட்டத்தோடு இணைக்கும் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்க வேண்டும். பாதிக் கோளாறு அங்கேயே தீர்ந்துவிடும்.

இரவில் பாட்டரி இறங்கினால் கசிவு எங்கே என்று வீட்டிலேயே கண்டறியலாம். சாவியையும் விளக்குகளையும் அணைத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பாட்டரி முனைக்கும் இடையில் ஒரு 12 வோல்ட் பல்பை இணையுங்கள். பல்பு தொடர்ந்து எரிந்தால் கசிவு உண்டு. பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்ததும் பல்பு அணைகிறதோ அந்த வழியில்தான் ஈரம் இருக்கிறது. சோதனையின்போது சாவியைத் திருப்பக்கூடாது. பாட்டரியின் நலம் அறிய வோல்ட் மீட்டர் உதவும். முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட்டும், இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டியும் காட்ட வேண்டும்.

பியூஸ் அடிக்கடி போனால் 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 20 போடுவதும், சிகரெட் அட்டைத் தாளைச் சுற்றுவதும் சிலரது வழக்கம். அப்போது பியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

காப்பீடும் முன்னேற்பாடும்

முழுக் காப்பீடு இருந்தால், வண்டியை நகர்த்துமுன் சேற்றுக்கோடு தெரியப் படம் எடுத்துக் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். நீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததால் ஏற்பட்ட சேதத்துக்கு, தனியே இன்ஜின் பாதுகாப்பு எடுத்திராவிட்டால், பொதுவாகப் பணம் கிடைப்பதில்லை. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தவர்களுக்கு வெள்ளச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது.

வெள்ளம் வராவிட்டாலும் மழைநீர் உள்ளே வர வழி உண்டு. வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டியில் முன்கண்ணாடியின் கீழுள்ள வடிகாலை இலை அடைத்துக்கொள்ளும். கதவின் அடித் துளைகளைச் சேறு அடைக்கும். களத்து எலி கடித்த வயரில் மழை பட்டால் கோளாறு உறுதி. ஐப்பசி பிறக்குமுன் இந்தத் துளைகளைக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்து, கடிபட்ட வயருக்குப் புது உறை மாட்டி, பாட்டரி முனைகளில் கிரீஸ் தடவி வைக்கவும்.