பஸ் ஏறினால் வாந்தி ஏன்? காதுக்குள்ளே இருக்குது காரணம்



இந்த மாதப் பாடத்தை ஒரு ஊறுகாய்க் கதையோடு தொடங்குகிறோம். எங்கள் ஊராட்சிக் கூட்டமைப்பில் ஒரு அக்கா இருக்கிறார். நார்த்தங்காய் ஊறுகாய் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கொல்லத்தில் ஒரு விற்பனைக் கண்காட்சி வந்தது. "யக்கா, நீங்க வந்தாத்தான் நம்ம சரக்கு விக்கும்" என்று கூப்பிட்டோம். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"என்னைய விட்டுருங்க தாயி. புளியரை தாண்டுனாலே எனக்குக் கொடலப் பெரட்டிரும். போன தடவை பஸ்ல வாந்தி எடுத்து, பக்கத்துல இருந்தவுக சேலையெல்லாம் நாசம். அவுக பேசுன பேச்சுல மானமே போச்சு."

ஊறுகாய் போனது, போட்டவர் போகவில்லை. அங்கே ஒரு கடைக்காரர் பிடித்துப்போய், மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். எத்தனை மாதம் தாங்கும், உப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று கேட்டார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஆர்டர் கைநழுவிப் போனது.

யோசித்துப் பார்த்தோம். எத்தனை பெண்கள் "எனக்கு பஸ் ஒத்துக்கிடாது" என்று சொல்லியே பயிற்சி, கண்காட்சி, பாங்க், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள்! சிலர் பித்தம் என்கிறார்கள். சிலர் உடம்பில் தெம்பு இல்லை என்கிறார்கள். கல்யாணம் ஆன பெண் வாந்தி எடுத்தால் "என்ன, விசேஷமா?" என்று சிரிக்கிறார்கள். ஆனால் பயண வாந்தி வயிற்றில் தொடங்குவது இல்லை. அது தொடங்கும் இடம் காது.

காதுக்குள் என்ன இருக்கிறது?

காது கேட்பதற்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம். செவிப்பறைக்கும் உள்ளே, எலும்புக்குள் பத்திரமாக இருக்கும் உள்காதுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நாம் விழாமல் நிற்க, நடக்க, திரும்ப உதவுவது அதுதான். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க கொத்தனார் ரசமட்டம் வைப்பார் அல்லவா? அது போன்ற ஒரு ரசமட்டம் இரண்டு காதுக்குள்ளும் இருக்கிறது.

அதில் இரண்டு பகுதிகள்.

முதலாவது, அரைவட்டக் குழல்கள். ஒரு காதுக்கு மூன்று. வீட்டு மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேருவதைப் பாருங்கள். அது போல மூன்று குழலும் மூன்று பக்கம் பார்த்து அமைந்திருக்கின்றன. உள்ளே நீர் இருக்கிறது. தலை திரும்பும்போது அந்த நீர் பின்தங்கி, குழலுக்குள் இருக்கும் மெல்லிய தடுப்பைச் சாய்க்கிறது. வாய்க்கால் தண்ணீரில் கோரை சாய்வது போல. உடனே "தலை திரும்புகிறது" என்று மூளைக்குச் செய்தி போகிறது.

இரண்டாவது, இரண்டு சிறிய பைகள். அதில் பசை போன்ற ஒரு படலம். அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள். பஸ் திடீரென்று கிளம்பினாலும், பிரேக் போட்டாலும், பள்ளத்தில் இறங்கினாலும், தலை சாய்ந்தாலும் அந்தத் துகள்கள் நகர்ந்து சேதி சொல்லும்.

குழுக் கூட்டத்தில் செய்து பாருங்கள்

ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து ஒரு துளசி இலையை ஓரமாக மிதக்க விடுங்கள். கிண்ணத்தைச் சட்டென்று திருப்புங்கள். கிண்ணம் திரும்பும், இலை இருந்த இடத்திலேயே நிற்கும். விடாமல் சுற்றிக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் இலையும் சேர்ந்து சுற்றும். இப்போது கிண்ணத்தை நிறுத்துங்கள். கிண்ணம் நின்றாலும் இலை சுற்றும்.

சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியிருப்போம். நின்ற பிறகும் வீடு, மரம் எல்லாம் சுற்றுமே, ஏன்? நாம் நின்றுவிட்டோம். காதுக்குள் இருக்கும் நீர் இன்னும் நிற்கவில்லை. அவ்வளவுதான்.

பஸ்சில் என்ன நடக்கிறது?

நம் உடம்பின் சமநிலை மூன்று கல் அடுப்பு மாதிரி. ஒரு கல் உள்காது. ஒரு கல் கண். இன்னொரு கல் பாதமும் மூட்டும் தசையும். மூன்றும் ஒரே சேதி சொன்னால் பானை ஆடாது.

செங்கோட்டையிலிருந்து பஸ் கிளம்பி, புளியரை எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு, தென்மலை என்று போகிறது. ஒவ்வொரு வளைவிலும் காது "திரும்புகிறோம், சாய்கிறோம்" என்று சொல்கிறது. ஆனால் நம் கண் எங்கே இருக்கிறது? முன் சீட்டின் முதுகில், மடியில் இருக்கும் பையில், அல்லது செல்போனில். அவை அசையவில்லை. ஆகவே கண் "ஒன்றும் அசையவில்லை, சும்மா இருக்கிறோம்" என்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு சாட்சி இரண்டு விதமாகச் சொன்னால் பஞ்சாயத்து என்ன ஆகும்? மூளையும் அப்படித்தான் குழம்புகிறது. முதலில் கொட்டாவி, பிறகு குளிர்ந்த வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், முகம் வெளுத்தல், கடைசியில் வாந்தி.

குழப்பத்துக்கு வாந்தி எதற்கு? சில விஷங்கள் உடம்பில் சேரும்போதும் பார்வையும் சமநிலையும் இதே போலத் தடுமாறும். அதனால் ஏதோ விஷம் உள்ளே போய்விட்டது என்று எண்ணி உடம்பு அதை வெளியே தள்ளப் பார்க்கிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் சிலரின் கருத்து.

டிரைவருக்கு மட்டும் ஏன் வருவதில்லை என்று கேட்டிருப்பீர்கள். அவர் கண் ரோட்டில் இருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்புவதே அவர்தான். அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று அவர் மூளைக்கு முன்கூட்டியே தெரியும். காது சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகின்றன.

காதுதான் காரணம் என்பது எப்படித் தெரிந்தது?

1958 முதல் சுமார் பத்து ஆண்டுகள் அமெரிக்கக் கடற்படை ஒரு ஆராய்ச்சி நடத்தியது. காலடெட் கல்லூரியைச் சேர்ந்த, காது கேளாத 11 ஆண்கள் அதில் பங்கெடுத்தார்கள். பெரும்பாலோருக்குச் சிறு வயதில் வந்த மூளைக்காய்ச்சலால் கேட்கும் சக்தியோடு உள்காதின் சமநிலை உறுப்பும் கெட்டுப்போயிருந்தது. கொந்தளிக்கும் கடலில் அவர்களைக் கப்பலில் கூட்டிப் போனார்கள். அவர்கள் சீட்டு விளையாடிக்கொண்டு இருந்தார்கள். சோதிக்கப் போனவர்கள்தான் வாந்தி எடுத்துப் படுத்துவிட்டார்கள்! சமநிலை உறுப்பு வேலை செய்யாவிட்டால் பயண வாந்தியும் இல்லை என்று தெளிவானது. (காது கேளாதவர் எல்லோருக்கும் இப்படி இருக்காது. சிலருக்குக் கேட்கும் பகுதி மட்டும் பழுதாகியிருக்கும்.)

ஆகவே சகோதரிகளே, பஸ்சில் வாந்தி வருகிறவரின் காது கெட்ட காது அல்ல. விழிப்பாக வேலை செய்யும் காது. வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது? நல்ல பயிற்சி எடுத்து விண்வெளிக்குப் போகிறவர்களிலும் பாதிப் பேருக்கு மேல் முதல் சில நாட்கள் இந்தக் குமட்டல் வருகிறது.

யாருக்கு அதிகம்?

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அரிது. பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைகளுக்கு அதிகம்; வயது ஏற ஏறக் குறையும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். மாதவிலக்கு நாட்களிலும் கர்ப்ப காலத்திலும் கூடும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் எளிதில் வரும்.

என்ன செய்யலாம்?

1. பஸ்சின் முன் பகுதியில், முன்னோக்கிய இருக்கையில், ஜன்னல் ஓரம் உட்காருங்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள இருக்கைதான் அதிகம் தூக்கிப் போடும்.

2. கண்ணைத் தூரத்து ரோட்டிலோ மலையிலோ வையுங்கள். அது முடியாவிட்டால் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தவறான சாட்சி சொல்லும் கண்ணுக்கு ஓய்வு கொடுத்தால் பாதிச் சண்டை தீர்ந்தது.

3. செல்போன் பார்க்க வேண்டாம். கணக்கு நோட்டை பஸ்சில் விரிக்க வேண்டாம். சுற்றுலா வேனில் படம் போட்டால் பார்க்க வேண்டாம்.

4. வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டவும் ஆகாது. இரண்டு இட்லி போதும். பார்டர் பரோட்டாவும் கோழியும் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளலாம்.

5. சாரலுக்குப் பயந்து ஜன்னலை முழுசாக அடைக்காதீர்கள். டீசல் வாடையும் சூடும் குமட்டலைக் கூட்டும். எலுமிச்சம்பழம் முகர்ந்தால் அந்த வாடை தெரியாது. இஞ்சி மரப்பா சிலருக்கு உதவுகிறது.

6. மாத்திரை உண்டு. வாந்தி வந்த பிறகு போட்டுப் பெரிய பலன் இல்லை, பயணத்துக்கு முன்பே போட வேண்டும். தூக்கம் வரும். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரையோ கிராம செவிலியரையோ கேட்காமல் போடக் கூடாது. கைக்குழந்தைக்குக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கவே கூடாது.

7. பழகினால் குறையும். அடிக்கடி போகிறவர்களுக்கு மூளை அந்த ஆட்டத்தைப் படித்துக்கொள்கிறது. பயணத்தை விட்டுவிட்டால் அந்தப் பழக்கம் வராமலே போகும்.

வாய்ப்பு இருந்தால் ரயிலில் போகலாம். 1904ல் வந்த செங்கோட்டை - புனலூர் பாதை, அகலப்பாதை வேலைக்காக 2010ல் நிறுத்தப்பட்டு 2018ல் திரும்பத் திறந்தது. ரோட்டைப் போல அடுத்தடுத்துச் சடார் என்று திரும்பும் வளைவும் பிரேக்கும் அதில் குறைவு.

அருவியில் நிற்கும்போது

குற்றாலம் நமக்குப் பக்கம். சீசனில் விருந்தாளியோடு நாமும் போகிறோம். அங்கேயும் இந்தக் காதுப் பாடம் உதவும்.

ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகரில் ராபர்ட் பாரனி என்ற காது மருத்துவர் இருந்தார். காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது சிலர் தலை சுற்றுகிறது என்றார்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஒரு பக்கமும், சூடான தண்ணீர் பட்டால் எதிர்ப்பக்கமும் சுற்றுவதை அவர் கவனித்தார். தண்ணீரின் குளிர்ச்சி அல்லது சூடு உள்காது நீரை அசைக்கிறது; தலை அசையாமலே "திரும்புகிறோம்" என்று காது சொல்லிவிடுகிறது என்று கண்டுபிடித்தார். இதையொட்டிய ஆராய்ச்சிக்காக 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி!

இப்போது பேரருவியை நினைத்துப் பாருங்கள். ஒரு காதில் சில்லென்று தண்ணீர் அடிக்கிறது. கண்ணை மூடியிருக்கிறோம். காலுக்குக் கீழே பாசி வழுக்குகிறது. அடுப்பின் மூன்று கல்லும் ஒரே நேரத்தில் ஆடுகின்றன! ஆகவே, பஸ்சில் வாந்தி எடுத்து இறங்கினால் உடனே அருவிக்கு ஓடாதீர்கள். கொஞ்சம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, தெளிந்த பிறகு போங்கள். கம்பியைப் பிடித்து நில்லுங்கள். தலை சுற்றினால் கண்ணைத் திறந்து, அசையாத ஒன்றைப் பார்த்து, மெதுவாக வெளியே வாருங்கள். வயதானவர்களைத் தனியாக விடாதீர்கள். காதில் சீழ் வடிகிறவர்களும் செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களும் தலையை அருவியில் கொடுக்கவே வேண்டாம். காதில் ஊக்கு, கோழி இறகு விடுவதும் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் இனி வேண்டாம்.

எல்லாத் தலைசுற்றலும் பயணத்தால் அல்ல

உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டுகிறதா? இரத்தச்சோகையாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தமும் பிரஷரும் சர்க்கரையும் பாருங்கள். படுக்கையில் புரண்டால் சில நொடி உலகமே சுற்றுகிறதா? காதுக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துகள் இடம் மாறிக் குழலுக்குள் போயிருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையை ஒரு முறைப்படி திருப்பியே பெரும்பாலும் சரி செய்துவிடுவார். திடீரென்று ஒரு காது கேட்கவில்லை என்றால் அன்றே காட்டுங்கள். தலைசுற்றலோடு பேச்சு குழறினால், வாய் கோணினால், கை கால் இழுத்தால் தாமதிக்காமல் 108 கூப்பிடுங்கள்.

அந்த அக்கா என்ன ஆனார்?

இந்தப் பாடத்தை முதலில் அவரோடுதான் பேசினோம். அடுத்த முறை புனலூர் வரை ஒரு பயணம். முன் சீட்டை அவருக்கு விட்டுக்கொடுத்தோம். மடியில் ஒரு பாலித்தீன் பையும் கையில் எலுமிச்சம்பழமும். ரோட்டை விட்டுக் கண் எடுக்கவில்லை. ஆரியங்காவு தாண்டியதும் லேசாகக் குமட்டியது, கண்ணை மூடிக்கொண்டார். பையை எடுக்க வேண்டி வரவில்லை. இறங்கியதும் சொன்னார்: "இத்தன வருசமா வயித்தத் திட்டிட்டேன் தாயி. அது பாவம், சும்மா இருந்துருக்கு."

உங்கள் குழுவில் பேசுங்கள்

• பயணம் ஒத்துக்கொள்ளாததால் எந்தெந்தக் கூட்டத்தையும் பயிற்சியையும் நாம் விட்டிருக்கிறோம்?

• நம் குழு வெளியூர் போகும்போது முன் இருக்கை யாருக்குத் தேவை என்று கேட்டிருக்கிறோமா?

• பக்கத்தில் ஒருவர் வாந்தி எடுத்தால் நாம் முகம் சுளிக்கிறோமா, தண்ணீர் கொடுக்கிறோமா?