துணி விற்கப் பெண்ணைப் பணயம் வைக்கலாமா?

தீபாவளி நெருங்கினாலே நம்ம கைப்பேசி முழுக்கத் துணிக்கடை விளம்பரம்தான். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், தேக்கா என்று கடைகடையாக ஏறி இறங்கிய காலம் போய், இப்போது கடையே கைக்குள் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அந்த விளம்பரங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சிலவற்றில் துணியைவிட உடல்தான் முன்னால் நிற்கிறது. எட்டு வயசுப் பிள்ளைக்கான பாவாடை சட்டைக்கும், இருபத்தைந்து வயசு மாடல் நிற்பது போலவே இடுப்பை வளைத்து நிற்க வைத்துப் படம் எடுக்கிறார்கள்.

இது சரியா? சரியில்லை என்றால் ஏன்? "நம்ம கலாசாரத்துக்கு ஆகாது" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் அந்த வரியை இடைநிலைப்பள்ளி படிக்கும் தங்கச்சியிடம் சொல்லிப் பாருங்கள். "ஏன் ஆகாது?" என்று திருப்பிக் கேட்பாள். கேட்கவும் வேண்டும். அவளுக்குச் சொல்ல ஒரு பதில் தேடுவதுதான் இந்த மாதப் பாடம்.

1. முதலில் அளவுகோல்

எதை அளக்கிறோம் என்று தெரியாமல் அளக்கக் கூடாது. பொறியியலில் முதல் பாடமே இதுதான். எவ்வளவு தோல் தெரிகிறது என்பதை அளவுகோலாக வைத்தால் நீச்சல் வீராங்கனையும் குற்றவாளி ஆகிவிடுவாள். அது தப்பான அளவுகோல்.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆய்வுக்குழு 2007-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் நான்கு அடையாளங்கள் உள்ளன. ஒருத்தியின் மதிப்பே அவளுடைய பாலியல் கவர்ச்சியில்தான் இருக்கிறது என்று காட்டுவது ஒன்று. அழகு என்றாலே கவர்ச்சி என்று ஒரு குறுகிய அளவை அவள் மேல் வைப்பது இரண்டு. சொந்தமாக யோசித்து முடிவெடுக்கும் மனுஷியாகப் பார்க்காமல், மற்றவர் பயன்படுத்தும் பொருளாக அவளைக் காட்டுவது மூன்று. பாலியல் தன்மையை வயதுக்குப் பொருந்தாமல் அவள் மேல் திணிப்பது நான்கு. இதில் ஒன்று இருந்தாலே போதும், அங்கே பிரச்னை இருக்கிறது. சிறுமிகள் விஷயத்தில் நான்காவது மிக முக்கியம்.

இனி ஒரு விளம்பரத்தைப் பார்க்கும்போது, "எவ்வளவு துணி?" என்று கேட்காதீர்கள். "இவளை எதுவாகக் காட்டுகிறார்கள்?" என்று கேளுங்கள்.

2. நடந்த கதைகள்

1980-இல் கால்வின் கிளைன் நிறுவனம் ஜீன்ஸ் விற்க புரூக் ஷீல்ட்ஸ் என்ற நடிகையை வைத்துத் தொலைக்காட்சி விளம்பரம் எடுத்தது. அப்போது அவருக்கு வயது 15. அவர் பேசிய வசனத்தில் இரட்டை அர்த்தம் இருந்தது. சில தொலைக்காட்சி நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன. ஆனாலும் விளம்பரம் உலகப் புகழ் பெற்றது. பல வருஷம் கழித்து, அந்த இரட்டை அர்த்தம் அப்போது தனக்குப் புரியவே இல்லை என்று அவரே சொன்னார். யோசித்துப் பாருங்கள். பேசிய பிள்ளைக்குப் புரியாதது, எழுதிய பெரியவர்களுக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

1995-இல் அதே நிறுவனம் சிறு வயதினர் போலத் தெரியும் மாடல்களை வைத்து ஒரு வரிசை விளம்பரம் வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அதை நிறுத்தியது. அமெரிக்க நீதித்துறை விசாரித்து, வழக்கு எதுவும் போடாமல் முடித்தது. 1999-இல் சிறுபிள்ளைகள் உள்ளாடையோடு இருக்கும் விளம்பரம் வந்தது. அதையும் உடனே திரும்பப் பெற்றார்கள். ஒரு முறை என்றால் தவறு எனலாம். திரும்பத் திரும்ப நடந்தால், பரபரப்பும் வியாபாரத்தில் ஒரு பகுதியோ என்று சந்தேகம் வரத்தானே செய்யும்?

இப்போது எனக்குப் பிடித்த கதை. 2005-இல் அபெர்குரோம்பி அண்டு ஃபிட்ச் நிறுவனம் பெண்பிள்ளைகளுக்கான டீ-சட்டைகள் விற்றது. மார்பு இருந்தால் மூளை எதற்கு என்ற பொருளில் ஒரு சட்டையில் வாசகம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில், பெரும்பாலும் உங்கள் வயசுப் பிள்ளைகள், பதின்ம வயதினர், ஒன்று கூடி எதிர்த்தார்கள். 'பாய்காட்' என்ற சொல்லையே மாற்றி 'கேர்ல்காட்' என்று பேர் வைத்தார்கள். தேசியத் தொலைக்காட்சி வரைக்கும் போய்ப் பேசினார்கள். அந்தப் பெரிய நிறுவனம் சில சட்டைகளைக் கடையிலிருந்து எடுத்தது.

ஆண் உடலும் இதிலிருந்து தப்பவில்லை. 2011-இல் இதே நிறுவனம் சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலையில் கடை திறப்பதற்கு முன், மேல்சட்டை இல்லாத ஓர் ஆணின் உடலை மிகப் பெரிய விளம்பரமாக வைத்தது. சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையம் அதை நிறுத்தச் சொன்னது. சட்டை விற்கும் கடை, விளம்பரத்தில் சட்டையே இல்லை! அப்படியென்றால் அங்கே விற்கப்பட்டது என்ன?

3. பார்வை உள்ளே புகுந்தால்

"வெறும் படம்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சோதனை. 1998-இல் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் சக ஆய்வாளர்களும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது. சிலருக்கு நீச்சலுடை, சிலருக்கு ஸ்வெட்டர். தனி அறை, ஒரு கண்ணாடி, வேறு யாரும் இல்லை. அதை உடுத்தியபடியே கணக்குக் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். நீச்சலுடை அணிந்த பெண்கள், ஸ்வெட்டர் அணிந்த பெண்களைவிடக் குறைவாக மதிப்பெண் எடுத்தார்கள். ஆண்களிடம் அப்படி ஒரு சரிவு தெரியவில்லை.

ஒரே சோதனை எல்லாவற்றையும் நிரூபித்துவிடாது. ஆனால் அது சொல்ல வரும் விஷயம் நமக்குப் புரியும். அறையில் யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் அவள் தன்னைத்தானே வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். வயிறு தெரிகிறதா, தொடை பெரிசா என்று மனதில் பாதி அங்கே ஓடுகிறது. மீதி பாதியை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். கணினியில் பின்னால் ஒரு செயலி ஓடிக்கொண்டே இருந்தால் முன்னால் உள்ள வேலை மந்தமாகும் இல்லையா, அது மாதிரி. எஸ்.பி.எம், ஓ-லெவல் எழுதப் போகும் தங்கச்சியின் தலைக்குள் அந்தச் செயலியைப் போட்டது யார்?

4. சபையில் ஒரு கேள்வி

இப்போது நம்ம மரபுக்கு வருவோம். மகாபாரதத்தில் சூதாட்ட சபை எல்லோருக்கும் தெரியும். தருமர் நாட்டை வைத்தார், தம்பிகளை வைத்தார், தன்னையே வைத்தார், கடைசியில் திரௌபதியை வைத்தார். திரௌபதி அழுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டாள். தன்னை முதலில் தோற்றாரா, என்னை முதலில் தோற்றாரா? தன்னையே இழந்தவருக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை?

நன்றாகக் கவனியுங்கள். துகில் உரிந்தது பிறகு நடந்த கொடுமை. அதற்கு முன்பே, ஒரு மனுஷியைப் பணயப் பொருளாக மேசையில் வைத்தபோதே அதர்மம் தொடங்கிவிட்டது. விளம்பரத்திலும் அப்படியே. ஆடை குறைவது இரண்டாவது. ஆளைப் பொருளாக்குவது முதலாவது.

இன்னொன்று. அந்தச் சபையில் பீஷ்மர், துரோணர் போன்ற பெரியவர்கள் இருந்தும் தடுக்கவில்லை. விதுரர் எச்சரித்தார். கௌரவர் நூற்றுவரில் விகர்ணன் என்ற இளையவன் எழுந்து, இது அநியாயம் என்று அண்ணன்மார் முன்னாலேயே சொன்னான். அன்று அவன் பேச்சு எடுபடவில்லை. ஆனால் துரியோதனன் பக்கத்தில் பிறந்தும் அவன் பேர் மரியாதையோடு நிற்பது அந்த ஒரு பேச்சால்தான். அண்ணன் தம்பிகளே, இந்தப் பாத்திரம் நமக்காகவே எழுதினது மாதிரி இல்லையா?

கடோபநிடதம் சொல்லும் தேர் உவமையும் இங்கே உதவும். உடல் தேர், ஆன்மா அதில் பயணிப்பவர், புத்தி தேரோட்டி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள். தேர் கேவலமானது என்று உபநிடதம் சொல்லவில்லை. ஆனால் தேரை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே இருப்பவரை மறப்பது அறியாமை. இந்த மாதிரி விளம்பரங்கள் தேரோட்டியிடம் பேசுவதே இல்லை, நேராகக் குதிரைக்குப் புல்லைக் காட்டுகின்றன.

நம்ம காரைக்கால் அம்மையாரை நினைத்துக்கொள்ளுங்கள். அழகான உடலை வேண்டாம் என்று பேய் வடிவம் கேட்டு வாங்கியவர். அவரைச் சிவபெருமானே "அம்மையே" என்று அழைத்தார் எனப் பெரியபுராணம் சொல்கிறது. அவருடைய மதிப்பு எதில் இருந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

5. எதிர்க்கேள்விகள்

"கோயில் சிற்பங்களில் இல்லாததா?" நல்ல கேள்வி, ஓடி ஒளியக் கூடாது. நம் மரபில் உடல் பாவமில்லை, அழகும் பாவமில்லை. ஆனால் முதல் பகுதியில் பார்த்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். அம்பாளின் சிலையில் அவளுக்குப் பேர் உண்டு, கையில் ஆயுதமோ மலரோ உண்டு, அவள் செய்யும் செயல் உண்டு. நாம்தான் அவள் முன் தலை குனிகிறோம். விளம்பரத்தில் வரும் பெண்ணுக்குப் பேரே இல்லை. சில படங்களில் தலைகூட இல்லை, கழுத்துக்குக் கீழேதான். கீழே விலை மட்டும் இருக்கிறது.

"அவளே சம்மதித்துத்தானே நடித்தாள், காசும் வாங்கினாள்?" வளர்ந்த பெண்ணின் சம்மதத்தை மதிக்கிறோம். ஆனால் 15 வயசுப் பிள்ளைக்காகக் கையெழுத்துப் போட்டது யார்? அதோடு, பேருந்து நிறுத்தத்தில் அதைப் பார்க்கும் பத்து வயசுப் பிள்ளையிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

"அப்போ பெண்கள் எல்லாரும் மூடிக்கொள்ள வேண்டுமா?" இல்லவே இல்லை. இங்கேதான் நம்ம ஆட்கள் பலர் தடம் மாறுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் முகநூலில் ஒரு குழு, தைப்பூசத்துக்கு 'ஒழுங்காக' உடுத்தாமல் வரும் பெண்கள் மேல் சாயம் தெளிப்போம் என்று மிரட்டியது. பக்தி என்று பேர் சொன்னாலும், அதுவும் பெண்ணை வெறும் உடலாகப் பார்ப்பதுதான். ஒருவன் அதை வைத்துக் காசு பார்க்கிறான், இன்னொருவன் அதை வைத்துத் தண்டிக்கிறான். உள்ளே இருப்பவரை இரண்டு பேருமே பார்க்கவில்லை. சபையில் குற்றம் திரௌபதியின் உடையில் இல்லை, பகடை உருட்டியவர்களிடம் இருந்தது. நம் எதிர்ப்பும் உடுத்துகிறவளிடம் போகக் கூடாது, விற்கிறவரிடம் போக வேண்டும்.

6. நாம் செய்யக்கூடியவை

ஒன்று, திட்டுவதற்காகக்கூட அந்த விளம்பரத்தைப் பகிராதீர்கள், கீழே கருத்து எழுதாதீர்கள். நீங்கள் எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எத்தனை பேர் கருத்துப் போட்டார்கள் என்பதைத்தான் கணினி பெரும்பாலும் எண்ணுகிறது. கோபமும் அதற்கு லாபம்தான். புகார் பொத்தானை அழுத்திவிட்டு நகருங்கள்.

இரண்டு, உள்ளூர்க் கடை என்றால் நேரடியாக, மரியாதையாக எழுதுங்கள். "அக்கா, துணி அழகா இருக்கு. ஆனா பிள்ளைங்களைப் பிள்ளைங்க மாதிரியே நிக்க வெச்சு எடுக்கலாமே" என்றால் போதும். பலர் யோசிக்காமல் செய்கிறார்கள், சொன்னால் கேட்பார்கள்.

மூன்று, கேட்காவிட்டால் புகார் செய்ய வழி உண்டு. சிங்கப்பூரில் விளம்பரத் தர ஆணையம் 1976 முதலும், மலேசியாவில் விளம்பரத் தர ஆணையம் 1977 முதலும் இயங்கி வருகின்றன. விளம்பரத்தின் படம், பார்த்த தேதி, இடம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

நான்கு, நம் கிளைகளிலிருந்தே தொடங்குவோம். கலைநிகழ்ச்சிக்குச் சுவரொட்டி செய்யும்போது, ஆடும் தங்கைகளின் எந்தப் படத்தை எடுக்கிறோம், ஏன் எடுக்கிறோம், அவர்களிடம் கேட்டோமா? ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன் நம் சுவரொட்டி அந்த நான்கு அடையாளச் சோதனையைத் தாண்ட வேண்டும்.

நவராத்திரியில் சிறுமியை அமர வைத்துக் கால் கழுவிப் பொட்டு வைத்து அம்பாளாக வணங்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த ஒன்பது நாள் பார்வை மிச்ச நாளிலும் இருந்தால், நாம் தேடிய பதில் அதுதான்.

வகுப்பில் பேச:

- இந்த வாரம் பார்த்த மூன்று துணி விளம்பரங்களை எடுத்து வாருங்கள். நான்கு அடையாளங்களில் எது எதில் உள்ளது?
- விகர்ணன் தோற்றுப்போனானா, ஜெயித்தானா? உங்கள் கருத்து என்ன?
- நண்பர்கள் குழுவில் ஒரு பெண்ணின் படத்தைப் போட்டுக் கேலி செய்தால், நீங்கள் எழுதப் போகும் முதல் வரி என்ன?