கேமராவுக்கு மைக்: எதை வாங்குவது, எங்கே பொருத்துவது?

ஊர்ப் பெரியவர் ஒருவரைத் திண்ணையில் உட்காரவைத்து, இரண்டு மீட்டர் தள்ளிக் கேமராவை நிறுத்திப் பேட்டி எடுக்கிறீர்கள். படம் கச்சிதமாக வந்திருக்கிறது. போட்டுக் கேட்டால் தெருவில் போன மோட்டார் சைக்கிள் பக்கத்தில் உறுமுகிறது. பெரியவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. கேமராவுக்குள் இருக்கும் மைக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பெரிய குற்றவாளி அந்த இரண்டு மீட்டர்தான்.

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும். 20 சென்டிமீட்டரில் இருந்த மைக்கை 2 மீட்டருக்குத் தள்ளினால் இழப்பு 20 டெசிபல். சுற்றுப்புற இரைச்சலோ குறையாமல் அப்படியே நிற்கும். ஆகவே கடைக்குப் போகுமுன் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: பேசுபவரின் வாய்க்கு எவ்வளவு அருகில் என் மைக் போக முடியும்?

ஷாட்கன் மைக்

நீண்ட குழாயும் பக்கவாட்டுத் துளைகளும் கொண்டது. பக்கத்திலிருந்து நுழையும் ஒலி குழாய்க்குள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். நேர் எதிரிலிருந்து வருவது அழியாமல் பதிவாகும். ஆனால் ஜூம் லென்ஸ் காட்சியை இழுப்பதுபோல் இது தூரத்துக் குரலை இழுத்து வராது. வெற்றுச் சுவர்களுள்ள சிறிய அறையில் எதிரொலி எல்லாத் திசையிலிருந்தும் வருவதால் குரலின் நிறமே மாறிவிடும். அங்கே முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் குட்டையான கார்டியாய்ட் மைக் மேல்.

கேமராவின் தலையில் உள்ள ஷூ எனும் மாட்டுமிடத்தில் பொருத்தினால், ரப்பர் வளையங்களில் தொங்கவிடும் அதிர்வுத் தாங்கி அவசியம். இல்லையென்றால் கை அசைவும் லென்ஸ் மோட்டாரும் பதிவாகும். கேபிளைத் தொங்கவிடாமல் தளர்வாகச் சுருட்டிக் கட்டுங்கள். அகலக் கோண லென்ஸில் மைக்கின் முனை காட்சிக்குள் எட்டிப் பார்க்கிறதா என்றும் கவனியுங்கள்.

உதவிக்கு ஓர் ஆள் இருந்தால் அதே மைக்கைப் பூம் கம்பில் மாட்டி, தலைக்கு மேலே, காட்சிக்கு வெளியே, அரை மீட்டர் தூரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். மைக் மேலிருந்து நெஞ்சை நோக்கிச் சாய்ந்திருந்தால் பின்னணி இரைச்சலும் குறையும்.

காலர் மைக்

பேட்டிக்கும் சமையல் நிகழ்ச்சிக்கும் பாடம் நடத்துவதற்கும் இதுவே முதல் தேர்வு. பெரும்பாலும் எல்லாத் திசை ஒலியையும் வாங்கும் வகை என்பதால் பேசுபவர் லேசாகத் தலை திருப்பினாலும் குரல் விழாது. தாடையிலிருந்து ஒரு சாண் கீழே கிளிப்பை மாட்டி, கேபிளில் ஒரு சிறு வளையம் விட்டுத் துணிக்குள் ஒளியுங்கள். பட்டுப்புடவையின் உரசலும் நெஞ்சில் ஆடும் சங்கிலியின் தட்டலும் இதன் எதிரிகள். ஆளை உட்காரவைக்கும் முன்பே அவற்றைச் சரிசெய்யுங்கள்.

வயர்லெஸ்

நடந்துகொண்டே பேசுபவருக்கு இதுதான் வழி. சிறிய செட்டுகள் பலவும் வைஃபை இயங்கும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. மனித உடல் அந்த அலையை மறைக்கும். ஆகவே அனுப்பும் கருவியை, கேமரா பார்க்கும் பக்கமாக மாட்டுங்கள். கூட்டம் நிறைந்த கல்யாண மண்டபத்தில் முன்கூட்டியே நடந்து பார்த்துச் சோதியுங்கள்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கேமராவின் 3.5 மிமீ பிளக்கில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருக்கும். கைபேசிக்கான பிளக்கில் மூன்று. இடம் மாறினால் ஒலி வராமலோ கெட்டோ போகலாம். மாற்றி இணைப்பு வாங்கிக்கொள்ளுங்கள். எக்ஸ்எல்ஆர் பிளக் கொண்ட கண்டென்சர் மைக்குக்குப் பொதுவாக 48 வோல்ட் மின்சாரம் வேண்டும். உங்கள் கேமரா அதைத் தருமா என்று பாருங்கள். நீளமான கேபிள் தேவையென்றால் எக்ஸ்எல்ஆர்தான் நல்லது, 3.5 மிமீ கேபிள் நீள நீள இரைச்சலை வாங்கும்.

வெளியே எடுப்பதென்றால் ரோம உறை இல்லாமல் கிளம்பாதீர்கள். நுரை உறை மூச்சுக் காற்றைத் தடுக்கும். கடற்கரைக் காற்றுக்கு அது போதாது.

தானியங்கி ஒலி அளவை அணைத்துவிட்டு, உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கும்படி கையால் வையுங்கள். தானியங்கியை விட்டுவைத்தால், பேச்சு நிற்கும் ஒவ்வோர் இடைவெளியிலும் மின்விசிறியின் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும்.

எதை வாங்கலாம்?

உட்கார்ந்து பேசும் ஒருவர்: கம்பியுள்ள காலர் மைக். நடப்பவர்: வயர்லெஸ். குறும்படம்: பூமில் ஷாட்கன். தனியாளாகத் திருவிழாவுக்குப் போகிறீர்களா? கேமரா மேல் ஷாட்கன். பேசுபவரை ஒரு மீட்டருக்குள் நிறுத்துங்கள்.

ஒன்றே ஒன்று வாங்கத்தான் பணம் இருக்கிறதென்றால், கம்பியுள்ள காலர் மைக்கை வாங்குங்கள். மிச்சத்தில் ஒரு ஹெட்போன் வாங்கி, பதிவு முடியும்வரை காதில் மாட்டியிருங்கள். பெரியவர் எழுந்து போன பிறகு அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்க முடியாது.