அலமாரியில் இருந்தும் அகப்படாத நூல்

கணிப்பொறித் தேடலில் ஒலிக்குறிகளை நீக்குவது எவ்வாறு?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியில் நடந்த நிகழ்ச்சி இது. இளநிலை மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி குவாண்டம் இயக்கவியல் பற்றிக் கருத்தரங்கில் பேச வேண்டியிருந்தது. ஷ்ரோடிங்கர் எழுதிய நூல் ஒன்றைப் படித்துவிட்டு வரும்படி நான் சொல்லியிருந்தேன். அவள் நூலகக் கணிப்பொறியில் ஆசிரியர் பெயரைத் தட்டிப் பார்த்தாள். ‘நூல்கள்: 0’ என்று விடை வந்தது. மறுநாளும் பார்த்தாள், அதே விடைதான். “அந்த நூல் நம் நூலகத்தில் இல்லை, சார்” என்று வந்து சொன்னாள். வேறு தலைப்பை எடுத்துக்கொள்ளவும் ஆயத்தமாகிவிட்டாள்.

ஆனால் அந்த நூலை நானே இரண்டு முறை எடுத்துப் படித்திருக்கிறேன்! நூலக உதவியாளரிடம் கேட்டேன். அவர் கணிப்பொறியின் பக்கம் திரும்பாமலே அலமாரிக்குச் சென்று, ஒரே நிமிடத்தில் நூலைக் கொண்டுவந்து தந்தார்.

நூல் இருந்தது. கணிப்பொறிப் பதிவேட்டில் ஆசிரியர் பெயரும் இருந்தது. பின் ஏன் அகப்படவில்லை? இரண்டே இரண்டு புள்ளிகள்தாம் காரணம்! அந்தப் புள்ளிகளின் கதையை இக்கட்டுரையில் காண்போம்.

எழுத்தின் தலையில் ஒரு குறி

ஷ்ரோடிங்கர் ஆஸ்திரிய நாட்டவர். அவருடைய தாய்மொழி ஜெர்மன். அம்மொழியில் அவர் பெயரின் ஐந்தாம் எழுத்து வெறும் ‘ஓ’ அன்று. தலையில் இரண்டு புள்ளிகள் பெற்ற ‘ஓ’. இவ்வாறு ரோமன் எழுத்தின் மேலோ கீழோ இட்டு, ஒலி வேறுபாட்டைக் காட்டும் அடையாளங்களை ஒலிக்குறிகள் என்கிறோம்.

இயற்பியல் நூல்களைப் புரட்டினால் இத்தகைய பெயர்கள் பல கிடைக்கும். மின்னோட்ட அலகுக்குப் பெயர் தந்த ஆம்பியரின் பெயரில், ஓர் ‘இ’ எழுத்தின் மேல் இடப்பக்கம் சாய்ந்த சிறு கோடு உண்டு. ஆங்ஸ்ட்ராம் என்ற சுவீடன் நாட்டு அறிஞரின் பெயரில் முதல் ‘ஏ’ எழுத்தின் மேல் ஒரு வளையமும், பின்னால் வரும் ‘ஓ’ எழுத்தின் மேல் இரு புள்ளிகளும் உண்டு.

நூலைப் பதிவு செய்தவர், முகப்பில் இருந்தபடியே புள்ளிகளுடன் பெயரைப் பதிந்துவிட்டார். அது சரியான செயலே. மாணவியோ புள்ளி இல்லாமல் தட்டினாள். அவளையும் குறை சொல்ல இயலாது. நம் விசைப்பலகையில் புள்ளியிட்ட ‘ஓ’ இல்லை. இருவரும் சரியாகவே செய்தனர். ஆயினும் விடை தவறாக வந்தது.

கணிப்பொறி காண்பது எண்களையே

மனிதக் கண்ணுக்குப் புள்ளியிட்ட ‘ஓ’வும் வெறும் ‘ஓ’வும் உறவினர்களாகத் தோன்றும். கணிப்பொறிக்குக் கண் இல்லை. ஒவ்வோர் எழுத்தும் அதற்கு ஓர் எண்.

1963-இல் வெளியான ‘ஆஸ்கி’ என்ற குறியீட்டு முறையில் 128 எண்கள் மட்டுமே இருந்தன. ஆங்கிலப் பெரிய ‘ஏ’ 65. சிறிய ‘ஏ’ 97. சிறிய ‘ஓ’ 111. ஒலிக்குறி பெற்ற எழுத்துகளுக்கு அதில் இடமில்லை. பின்னர் வந்த விரிந்த குறியீட்டு முறைகளில் அவற்றுக்கும் எண்கள் கிடைத்தன. 1991-இல் தன் முதற்பதிப்பை வெளியிட்ட ‘யூனிகோடு’ உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே எண் வரிசையைத் தர முற்பட்டது. அதில் புள்ளியிட்ட சிறிய ‘ஓ’வின் எண் 246.

இப்போது ஷ்ரோடிங்கர் பெயரைச் சிறிய எழுத்துகளில் கணிப்பொறி காண்பதுபோல் எழுதிப் பார்ப்போம்.

பதிவேட்டில்: 115, 99, 104, 114, 246, 100, 105, 110, 103, 101, 114

மாணவி தட்டியது: 115, 99, 104, 114, 111, 100, 105, 110, 103, 101, 114

பதினொரு எண்களில் பத்து ஒத்துப்போகின்றன. ஐந்தாம் இடத்தில் மட்டும் ஓரிடத்தில் 246, மற்றோரிடத்தில் 111. இரண்டும் சமம் அல்ல. ஆகவே பெயரும் சமம் அல்ல, நூல்கள் 0! கணிப்பொறியின் தர்க்கத்தில் பிழை இல்லை. ‘இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்’ என்று நாம்தான் அதற்குச் சொல்லித் தரவில்லை.

பிரித்துப் பின் நீக்குதல்

எவ்வாறு சொல்லித் தருவது? இயற்பியல் வகுப்பில் ஒரு விசையைக் கிடைக்கூறு, செங்குத்துக்கூறு என இரண்டாகப் பகுக்கிறோம் அல்லவா? அதுபோலவே எழுத்தையும் பகுக்கலாம். யூனிகோடு முறையில் ஒலிக்குறிகளுக்குத் தனி எண்களும் உண்டு. தலைமேல் இரு புள்ளிகளின் எண் 776. வளையத்தின் எண் 778. இடப்பக்கம் சாய்ந்த கோட்டின் எண் 768. இவ்வகைக் குறிகளுக்கென 768 முதல் 879 வரை 112 எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன.

ஆகவே 246 என்ற எழுத்தை 111, 776 என்ற இரு எண்களாகப் பிரித்து எழுதலாம். எந்த எழுத்து எவ்வாறு பிரியும் என்ற பட்டியலையும் யூனிகோடு அமைப்பே தருகிறது. இனி வேலை எளிது:

1. பெயரிலுள்ள ஒவ்வோர் எழுத்தையும் அடிப்படை எழுத்து, குறி எனப் பிரிக்க வேண்டும்.
2. 768 முதல் 879 வரை உள்ள எண்களை நீக்க வேண்டும்.
3. எஞ்சியவற்றைச் சிறிய எழுத்துகளாக மாற்ற வேண்டும்.

ஷ்ரோடிங்கர் பெயரின் 11 எண்கள் முதற்படியில் 12 ஆகும்; இரண்டாம் படியில் 776 நீங்கி, மீண்டும் 11 ஆகும். இப்போது ஐந்தாம் இடத்தில் நிற்பது 111. மாணவி தட்டியதும் அதுவே.

முதற்படிக்கு வேறொரு பயனும் உண்டு. வளையமிட்ட பெரிய ‘ஏ’வை யூனிகோடு முறையில் மூன்று வகையாக எழுதலாம். எழுத்தாக எழுதினால் 197. பிரித்து எழுதினால் 65, 778. ஆங்ஸ்ட்ராம் என்ற நீள அலகின் அடையாளமாக எழுதினால் 8491. திரையில் மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். எண்களோ வேறு வேறு. பிரித்துவிட்டால் மூன்றும் 65, 778 என்றே வந்து நிற்கும்.

இருபுறமும் ஒரே தராசு

பலர் தவறும் இடம் இது. தேடும் சொல்லில் மட்டும் குறிகளை நீக்கினால் பயனில்லை. மாணவி தட்டிய சொல்லில் நீக்குவதற்குக் குறியே இல்லை; குறி இருந்தது பதிவேட்டில். தரவுத்தளத்தில் இருக்கும் பெயர், தேடுபவர் தட்டும் பெயர் ஆகிய இரண்டையும் ஒரே முறையில் மாற்றிய பின்னரே ஒப்பிட வேண்டும். சமன்பாட்டின் இருபுறமும் ஒரே செயலைச் செய்ய வேண்டும் என்று கணக்கு ஆசிரியர் சொல்வதை நினைவுகொள்ளுங்கள்.

சரி, எப்போது மாற்றுவது? நூலகத்தில் 1,00,000 பெயர்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு முறை தேடும்போதும் ஒவ்வொரு பெயரையும் எடுத்து, குறி நீக்கி, ஒப்பிட்டால் 1,00,000 முறை அவ்வேலையைச் செய்ய வேண்டும். மாறாக, பெயர்களை முன்கூட்டியே குறி நீக்கி, அகரவரிசையில் அடுக்கி வைத்திருந்தால்? அகராதியில் சொல் தேடுவதுபோல் நடுவில் திறந்து, ‘முன்பாதியா, பின்பாதியா’ என்று பார்க்கலாம். ஒவ்வொரு பார்வையிலும் பாதி கழிந்துவிடும். 2-ஐ 17 முறை பெருக்கினால் 1,31,072 ஆகிறது. அதாவது 17 ஒப்பீடுகளே போதும்! இவ்வாறு அடுக்கிய வரிசையே தரவுத்தளத்தின் ‘சுட்டு வரிசை’ எனப்படும்.

எனவே நல்ல தரவுத்தளத்தில் பெயருக்கு இரு பத்திகள் அமைப்பார்கள். ஒன்றில் பெயர் உள்ளது உள்ளபடி இருக்கும். திரையில் காட்டுவதற்கு அது. மற்றொன்றில் குறி நீக்கிய வடிவம் இருக்கும். தேடுவதற்கு மட்டும் அது. இடத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி முதற்பத்தியை அழித்துவிடக்கூடாது. ஒரு பொருளிலிருந்து அதன் நிழலைப் பெறலாம். நிழலிலிருந்து பொருளைத் திரும்பப் பெற இயலாது. குறி நீக்கிய பெயரும் ஒரு நிழலே.

பிரியாத எழுத்துகள்

எல்லா எழுத்தும் இவ்வாறு பிரிந்துவிடும் என்று எண்ண வேண்டா. மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புகிறது என்பதை 1820-இல் கண்ட ஓர்ஸ்டெட் டென்மார்க்கு நாட்டவர். அவர் பெயரின் முதலெழுத்து, குறுக்கே சாய்கோடு பாய்ந்த ‘ஓ’. சிறிய எழுத்தில் அதன் எண் 248. யூனிகோடு பட்டியலில் இது பிரிவதில்லை. கோடு அந்த எழுத்தின் உடம்பிலேயே ஒரு பகுதி. ஜெர்மன் மொழியில் இரட்டை ‘எஸ்’ ஒலிக்கு வரும் 223 என்ற எழுத்தும் பிரியாது.

இவற்றுக்கு ‘இதற்கு இது’ என்று தனிப்பட்டியல் ஒன்று வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளுடன் வரும் ‘அன்ஆக்சென்ட்’ என்ற துணைக்கருவி இத்தகைய விதிப்பட்டியலைக் கொண்டே இயங்குகிறது. மைஎஸ்கியூஎல் மென்பொருளோ, 2018-இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து, வேறு விதமாகக் கேட்காதவரை, ஒலிக்குறிகளைப் பொருட்படுத்தாமலே ஒப்பிடுகிறது.

இன்னும் ஒரு சிக்கல் உண்டு. ஜெர்மானியர் புள்ளியிட்ட ‘ஓ’வை எழுத வசதியில்லாதபோது ‘ஓ’, ‘இ’ என்ற இரு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவர். கடவுச்சீட்டின் அடியில் கருவி படிப்பதற்கென உள்ள வரிகளிலும் அவ்வெழுத்து இவ்வாறே மாறும். ஆகவே ஒருவர் பெயருக்கு மூன்று வடிவங்கள் கிடைத்துவிடுகின்றன. புள்ளியை நீக்கும் முறை முதல் இரண்டை ஒன்றாக்கும். மூன்றாவதை அது அறியாது. ஒரு மருத்துவமனையில் ஒரே நோயாளிக்கு இரு பெயர் வடிவங்களில் இரு பதிவுகள் ஏற்பட்டால், ஒவ்வாத மருந்து எது என்ற குறிப்பு ஒன்றில் இருக்க, மருத்துவர் மற்றொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் அல்லவா? இது வெறும் எழுத்து விளையாட்டு அன்று என்பது இதனால் விளங்கும்.

நீக்குவதால் வரும் நட்டம்

ஒலிக்குறி அழகுக்காக இட்ட பொட்டு அன்று. ஜெர்மன் மொழியில் ‘ஷோன்’ போன்று ஒலிக்கும் சொல், புள்ளியின்றி எழுதினால் ‘ஏற்கெனவே’. புள்ளியுடன் எழுதினால் ‘அழகான’. சுவீடிய மொழியிலோ வளையமிட்ட ‘ஏ’, புள்ளியிட்ட ‘ஏ’, புள்ளியிட்ட ‘ஓ’ மூன்றும் தனி எழுத்துகள். 29 எழுத்துகள் கொண்ட அகரவரிசையில் 27, 28, 29-ஆம் இடங்களில் நிற்பவை. அவற்றை ஏ, ஓ என்பது, நம்மிடம் வந்து ‘ழ’வும் ‘ல’வும் ஒன்றுதானே என்று சொல்வது போன்றது.

உண்மையில் நமக்கே அது நேர்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் உள்ளதுபோல் தமிழை ரோமன் எழுத்தில் எழுதும்போது, லகரத்துக்கு வெறும் ‘எல்’. ளகரத்துக்குக் கீழே புள்ளியிட்ட ‘எல்’. ழகரத்துக்குக் கீழே கோடிட்ட ‘எல்’. நெடில் ஆகாரத்துக்கு ‘ஏ’யின் மேல் கோடு. குறிகளை நீக்கினால் வலை, வளை, வாலை, வாளை, வாழை ஆகிய ஐந்தும் ஒரே சொல்லாகிவிடும்! மீன் பிடிக்கும் வலையும், பிடிபடும் வாளையும், தோட்டத்து வாழையும், நீர் வடிக்கும் வாலையும் ஒன்றாகிவிடும்.

தமிழ் எழுத்திலேயே எழுதினாலும் ஆபத்து உண்டு. யூனிகோடு அமைப்பு நம் மெய்யெழுத்தின் புள்ளியையும் ஈகாரத்தின் குறியையும் ‘தனி இடம் அடைக்காத குறி’ என்ற வகையில் வைத்துள்ளது. ஐரோப்பிய ஒலிக்குறிகளும் அதே வகையே. 768 முதல் 879 வரை என்று எல்லை வகுக்காமல், ‘அவ்வகைக் குறி அனைத்தையும் நீக்கு’ என்று ஒருவர் நிரல் எழுதிவிட்டால், ‘கண்ணன்’ என்பது ‘கணணன’ ஆகும்; ‘மீன்’ என்பது ‘மன’ ஆகும். பழைய ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. படிப்பவர் இடம் நோக்கிப் புள்ளியை ஊகித்துக்கொள்வார். கணிப்பொறிக்கு அந்த ஊகம் கிடையாது.

அப்படியானால் நீக்கலாமா, கூடாதா? தேடும்போது நீக்கலாம், சேமிக்கும்போது கூடாது. தேடலில் நான்கு நூல்கள் மிகுதியாக வந்தால் கண்ணால் பார்த்து ஒதுக்கிவிடலாம். வராத நூலை ஒதுக்கவும் இயலாது, எடுக்கவும் இயலாது. முழுப்பொருத்தம் உள்ளவற்றை முதலிலும், குறி நீக்கியபின் பொருந்துபவற்றை அடுத்தும் காட்டுவது இன்னும் சிறந்தது.

எங்கள் நூலகத்தில் பின்னர் தேடலுக்கென இரண்டாம் பத்தியைச் சேர்த்துவிட்டார்கள். அந்த மாணவியும் கருத்தரங்கில் நன்றாகவே பேசினாள். கணிப்பொறி ‘இல்லை’ என்று சொன்னால், ‘நான் தட்டியபடி இல்லை’ என்றுதான் அதற்குப் பொருள் என்பதை அன்று அவளும் கற்றாள், நானும் கற்றேன்.

பயிற்சிகள்

1. ஆம்பியரின் பெயரில் 6 எழுத்துகள். அவற்றுள் ஒன்று 232. அது 101, 768 எனப் பிரியும். பிரித்தபின் எத்தனை எண்கள்? குறி நீக்கியபின் எத்தனை?

2. பதிவேட்டில் 10,00,000 பெயர்கள் இருந்தால், பாதி பாதியாகக் கழிக்கும் முறையில் அதிக அளவாக எத்தனை ஒப்பீடுகள் வேண்டும்?

3. ‘கொ’ என்பதை 2965, 3018 என்றும், 2965, 3014, 3006 என்றும் இரு வகையாகச் சேமிக்கலாம். ஒருவர் முதல் வகையில் பதிந்து, மற்றொருவர் இரண்டாம் வகையில் தேடினால் என்ன ஆகும்? இங்கு எந்தக் குறியையாவது நீக்க வேண்டுமா?

விடைகள்: (1) 7, 6. (2) 20. ஏனெனில் 2-ஐ 20 முறை பெருக்கினால் 10,48,576. (3) திரையில் ஒன்றுபோல் தோன்றினாலும் அகப்படாது. எதையும் நீக்க வேண்டா. இரண்டையும் ஒரே வகையாகப் பிரித்தோ சேர்த்தோ கொண்டபின் ஒப்பிட்டால் போதும்.