ஊறுகாய் பாட்டில் மூடியும் ஐந்து மாதிரிகளும்

வீட்டில் யாராவது மூடி திறக்க முடியாம உங்க கையில பாட்டிலைக் கொடுத்திருப்பாங்க. ஒரு திருகு திருகிக் கொடுத்துட்டு நாம மறந்துடுவோம். என் பாட்டி தனியாக இருக்கிறார். மணிக்கட்டு எலும்பு முறிந்து கூடிய பிறகு வலது கையில் பிடிமானம் இல்லை. இறுக்கினால் மறுபடி திறக்க ஆள் கிடையாது என்று ஊறுகாய் பாட்டிலை லூசாகவே மூடி வைத்திருந்தார். பூஞ்சை பிடித்து, வருஷத்துக்கும் போட்ட மாங்காய் ஊறுகாயில் பாதியைக் கொட்ட வேண்டியதாயிற்று. "இனிமே ஊறுகாயே போடல, விடு" என்றார்.

மெக்கானிக்கல் படிக்கிற பேரன் இருந்து என்ன பிரயோஜனம்? நானும் ரூம்மேட்டும் உட்கார்ந்தோம். ஐந்து மாதிரிகள் செய்தோம். நாலு சொதப்பல். எதில் என்ன கத்துக்கிட்டோம்னு சொல்றேன், உங்க புராஜெக்டுக்கு உதவும்.

மாதிரி 1: பாக்குவெட்டி வடிவம்

இரண்டு ரீப்பர் துண்டுகளை ஒரு முனையில் கீல் போட்டு இணைத்து, உள்பக்கம் உப்புத்தாள் ஒட்டினோம். ஹாஸ்டலில் காலி பாட்டிலை அழகாகத் திறந்தது. பாட்டி வீட்டு பாட்டிலில் எண்ணெய்ப் பிசுக்கு, வழுக்கியது. அதைவிடப் பெரிய தப்பு: இதை இறுக்கிப் பிடிக்கவே கையில் பலம் வேண்டும். இல்லாத பிடிமானத்தையே திரும்பக் கேட்கிற கருவி!

அப்புறம்தான் அளந்து பார்க்கவே தோன்றியது. ஒர்க்‌ஷாப் வைஸில் பாட்டிலைத் துணி சுற்றிப் படுக்கவைத்து, பழைய மூடியில் ஒரு குச்சியை ஸ்க்ரூ போட்டு இறுக்கினோம். மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி ஒரு கேனைத் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றினோம். ஏறக்குறைய ஒன்றரை லிட்டரில் மூடி அசைந்தது. 1.5 × 9.8 × 0.2, அதாவது சுமார் 3 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. மூடியின் ஆரம் 3.5 செ.மீ. வெறும் கையால் திருகினால் விளிம்பில் எட்டரை கிலோ எடைக்குச் சமமான விசை தேவை. 20 செ.மீ. கைப்பிடி இருந்தால் ஒன்றரை கிலோ போதும். பரீட்சையில் எழுதிய அதே நெம்புகோல் கணக்குதான்.

மாதிரி 2: சைக்கிள் டியூப் பட்டை

கார் மெக்கானிக் ஆயில் ஃபில்டர் கழற்றும் பட்டைக் கருவி பார்த்திருக்கீங்களா? இழுக்க இழுக்கப் பட்டை தானே இறுகும். யாரும் அழுத்திப் பிடிக்க வேண்டாம். அதைப் போலவே கைப்பிடியில் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினோம். பிடித்தது, ஆனால் ரப்பர் நீண்டுகொண்டே போனது. நம்ம விசையெல்லாம் ரப்பரை இழுக்கவே செலவாகிவிட்டது.

மாதிரி 3: பை வார்

மற்ற எதையும் தொடாமல் பட்டையை மட்டும் மாற்றினோம். பழைய காலேஜ் பையின் நைலான் வார், உள்பக்கம் மட்டும் டியூப் துண்டு. வார் நீளாது, ரப்பர் வழுக்காது. வெற்றி என்று பஸ் ஏறினோம். பாட்டி கைப்பிடியை இழுத்தார். மூடியோடு பாட்டிலும் சேர்ந்து சுற்றியது! ஹாஸ்டலில் பாட்டிலை இறுக்கிப் பிடித்திருந்தது என் இடது கை. அதை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

பாட்டி சிரித்தார். "அரிவாமணையை நான் கையிலயா பிடிச்சுக்கிட்டு நறுக்குறேன்? பலகையைக் காலால அமுக்கிக்கிறேன்ல?"

அவ்வளவுதான். மணிக்கட்டு முறிந்த பிறகும் அவர் தினமும் காய் நறுக்குவது எங்கள் கண்ணெதிரேதான் நடந்துகொண்டிருந்தது.

மாதிரி 4, 5: காலால் அமுக்கும் பலகை

ஒரு பலகை. அதன் மேல் இரண்டு கட்டைகள் வி வடிவத்தில், உள்பக்கம் டியூப் ஒட்டியது. நடுவில் பாட்டில். முதலில் கோணம் 60 டிகிரி வைத்தோம், பாட்டில் சுழன்றது. 20 டிகிரியாகக் குறைத்ததும் பிடித்துக்கொண்டது. ஆப்பு மாதிரிதான்: கோணம் குறையக் குறைய, அதே தள்ளலுக்குக் கட்டைகள் பக்கவாட்டில் அதிகமாக அழுத்தும். உராய்வும் அதற்கேற்பக் கூடும். கண்ணாடி பாட்டிலைத் தட்டி உள்ளே இறக்காதீங்க, கையால் தள்ளினாலே போதும்.

பாட்டி திறந்தார். உடனே கேட்டார்: "சரி, இறுக்கி மூடுறது எப்படி?" ஊறுகாய் கெட்டதே மூடாததால்தான்! நல்லவேளை, பட்டைக் கருவியைக் குப்புறத் திருப்பி மாட்டினால் எதிர்ப்பக்கம் இறுக்கும்.

இந்தப் பாதையில் பெரியவர்களும் நடந்திருக்கிறார்கள். மூட்டுவலியால் மனைவி தோல்சீவியைப் பிடிக்கச் சிரமப்பட்டதைப் பார்த்த சாம் ஃபார்பர், தடித்த ரப்பர் கைப்பிடி போட்ட ஆக்ஸோ சமையல் கருவிகளை 1990இல் கொண்டுவந்தார். ஜேம்ஸ் டைசன் பை இல்லாத வாக்குவம் கிளீனருக்குச் செய்த மாதிரிகள் 5,127. நம்ம ஐந்து ஒண்ணுமேயில்லை.

நீங்களும் செய்யப் போறீங்கன்னா மூணு விஷயம். முதலில் அளந்து பாருங்க, அப்புறம் வெட்டுங்க. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்க, அப்போதான் எது வேலை செய்ததுன்னு தெரியும். சோதனையை உங்க கையில் முடிச்சுடாதீங்க, யாருக்காகச் செய்யறீங்களோ அவங்க கையில், அவங்க சமையலறையில் பாருங்க. எங்களோட மூன்று மாதிரிகளுமே ஹாஸ்டலில் ஜெயிச்சு அங்கே தோற்றவைதான். முதல் நாளே பாட்டி பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் பாதி மரம் மிச்சமாகியிருக்கும்.

இந்த வருஷம் பாட்டி ஊறுகாய் போட்டிருக்கிறார். லீவு முடிந்து கிளம்பும்போது ஒரு பாட்டில் கொடுத்தார். ஹாஸ்டலுக்கு வந்து திறந்தால் அசையவில்லை. பலகை ஊரில் இருக்கிறது.